இத்தாலியின் இருண்ட புரோகிரசிவ் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இசையைப் பற்றி நான் வாய் திறந்தால் போதும், பெரும்பாலும் அதே ஐயங்கள்தான் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். புதிதாகக் கேட்பவர்களுக்கானவை முன்னாலும், சண்டை மூட்டுகிறவை பின்னாலும் உள்ளன.

இது ராக்கா, சினிமா இசையா, சர்ச் இசையா? ஒன்றும் பிடிபடவில்லையே.

மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் ராக் இசைக்கலைஞர்கள் மூன்று நிமிடப் பாட்டை விட்டுவிட்டு, பல பகுதிகளாக நீளும், தாளம் அடிக்கடி மாறும், மேற்கத்தியச் செவ்வியல் இசையிடம் தாராளமாகக் கடன் வாங்கும் ஆக்கங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அதுவே புரோகிரசிவ் ராக். 1971 முதல் 1975 வரையிலான ஆண்டுகளில் இத்தாலி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

அந்த இத்தாலிய இசையில் பெரும்பகுதி இருண்டதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரெமியாட்டா ஃபோர்னேரியா மார்கோனி போன்ற புகழ்பெற்ற குழுக்களிடம் இருப்பது வெயிலும் நாட்டுப்புற மெட்டும்தான். நரகம், சூனியம், ஆவி, மரணம் ஆகியவற்றைப் பாடுபொருளாகவோ ஒலிச்சூழலாகவோ எடுத்துக்கொண்டவர்கள் ஓரத்தில் இருந்த சிலரே. கோப்ளின், யாகுலா, அந்தோனியுஸ் ரெக்ஸ், இல் பல்லெட்டோ தி ப்ரோன்ட்ஸோ, பில்யெட்டோ பெர் லின்ஃபெர்னோ, மெட்டமோர்ஃபோசி ஆகிய குழுக்களின் பெயர்கள் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும்.

எங்கிருந்து தொடங்கினால் ஓடிப்போகாமல் இருப்பேன்?

கோப்ளினின் 1977ஆம் ஆண்டுத் திகில் பட இசையான ‘சஸ்பீரியா’விலிருந்து தொடங்குங்கள். தலைப்பு இசை மணியோசை போன்ற ஒரு சின்ன மெட்டோடு வருகிறது. குழந்தையின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து எழுவது போன்ற ஒலி. அந்த மெட்டையே ஒரு கரகரத்த குரல் ‘லா லா லா’ என்று கூடவே முணுமுணுக்கும்போதுதான் வயிற்றில் ஏதோ புரள்கிறது. கிரேக்க நரம்புக் கருவியான பூஸூக்கியும், நமக்கு நன்கு பழகிய தபலாவும், மூக் சின்தசைசரும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. மெட்டு கடைசிவரை இனிமையாகவே இருக்கிறது, சுற்றியிருப்பவைதான் கெட்டுக்கொண்டே போகின்றன.

அதற்கடுத்து நேப்பிள்ஸ் நகரின் பல்லெட்டோ தி ப்ரோன்ட்ஸோ 1972இல் வெளியிட்ட ‘ஈஸ்’. உலகில் எஞ்சிய கடைசி மனிதன் எதிர்கொள்ளும் மூன்று சந்திப்புகளைச் சொல்லும் அந்த ஆல்பம் சொற்களற்ற பெண் குரல்களோடு தொடங்கி, விசைப்பலகைக் கலைஞரும் பாடகருமான ஜான்னி லியோனேயின் கையில் பித்துப் பிடித்தாற்போல் ஓடுகிறது. இந்த வகையில் ஒரே ஒரு தட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். யாகுலாவைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அதில் தொடங்கியவர்கள் பலர் திரும்பி வருவதில்லை.

கோப்ளின் சினிமாவுக்கு வாசித்தவர்கள்தானே? அவர்களைப் புரோகிரசிவ் என்று சொல்லலாமா?

சொல்லலாம். அவர்கள் சினிமாவுக்கு வந்ததே ஒரு விபத்து. ரோம் நகரில் செர்ரி ஃபைவ் என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த தூய புரோகிரசிவ் குழு அது. இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ 1975இல் ‘ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ’ படத்துக்கு ஜாஸ் பியானோ கலைஞர் ஜோர்ஜோ காஸ்லினியை அமர்த்தியிருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகாமல் காஸ்லினி பாதியில் விலக, இந்த இளைஞர்களிடம் வேலை வந்து சேர்ந்தது. படத்தில் வரும் குழந்தைகளின் தாலாட்டு போன்ற மெட்டு காஸ்லினியுடையது. ஆர்கன் முழங்கும் தலைப்பு இசை கோப்ளினுடையது. அது இத்தாலியின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது.

‘சஸ்பீரியா’வின்போது முறையே தலைகீழானது. படப்பிடிப்புத் தளத்திலேயே இசையை உரக்க ஒலிக்கவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவில் நடிகர்களை நடக்கவைத்தார் அர்ஜெந்தோ. அக்கால இத்தாலியப் படங்களில் உரையாடல் பின்னர்தான் சேர்க்கப்பட்டது என்பதால் இது சாத்தியமாயிற்று. காட்சியைப் பார்த்து இசை எழுதுவதற்கு மாறாக, இசையைக் கேட்டுக் காட்சி நடந்தது. படத்தைப் பார்க்காமலேயே அந்தத் தட்டு ஒரு முழு ஆல்பமாக நிற்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

இத்தாலியில் மட்டும் ஏன் இப்படி? பேய்க்கதை எல்லா நாட்டிலும்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தில் பிளாக் சாபத் குழு 1970இல் சாத்தானைப் பாடியபோது, அந்தச் சாத்தான் பெரும்பாலும் திகில் திரைப்படங்களிலிருந்து வந்தவன். இத்தாலியில் அவன் ஞாயிற்றுக்கிழமை மறையுரையிலிருந்து வந்தவன். 1972 ஜூன் 29 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல், சாத்தானின் புகை திருச்சபைக்குள்ளேயே நுழைந்துவிட்டதாகப் பேசினார்; அதே ஆண்டு நவம்பரில், அலகை உருவகமல்ல, உண்மையில் உள்ள ஒன்று என்று பொதுச் சந்திப்பில் விளக்கினார். ‘ஈஸ்’ஸும் யாகுலாவின் ‘தார்தோ பெதே இன் மாஜியாம் வெர்சுஸ்’ஸும் வந்தது அந்த ஆண்டில்தான். நாடும் நிம்மதியாக இல்லை. 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் ஃபொந்தானா சதுக்கத்து வங்கியில் குண்டு வெடித்த பிறகு, அடுத்த பத்தாண்டுகள் அரசியல் வன்முறையிலேயே கழிந்தன. விவாகரத்துச் சட்டத்தை நீக்கலாமா என்று 1974இல் மக்களிடமே வாக்குக் கேட்கும் அளவுக்குத் திருச்சபைக்கும் சமூகத்துக்கும் இடையே இழுபறி இருந்தது.

ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று ஒலி சார்ந்தது என்பது என் கணிப்பு. 1965 மார்ச் 7 முதல் இத்தாலியில் திருப்பலி இத்தாலிய மொழியில் நடக்கத் தொடங்கியது. மறு ஆண்டே மார்செல்லோ ஜோம்பினி என்ற இசையமைப்பாளரின் இளைஞர் திருப்பலி ரோமில் எலக்ட்ரிக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் அரங்கேறியது. கிட்டார் கோவிலுக்குள் போயிற்று. இலத்தீனும் ஆர்கனின் கனத்த முழக்கமும் மெல்ல வெளியேறின. சிறுவயதில் அந்த இலத்தீனைப் பொருள் புரியாமல் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் 1972இல் இசைத்தட்டு போட்டது. அவர்களுடைய ‘சூனிய’ இசையில் நாம் கேட்பது பெரும்பாலும் கைவிடப்பட்ட வழிபாட்டின் ஒலியையே. இந்த ஜோம்பினியே 1980இல் ‘ஆன்த்ரொபோஃபாகுஸ்’ என்ற கொடூரமான திகில் படத்துக்கும் இசையமைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

இத்தாலிய மொழி தெரியாமல் கேட்டு என்ன பயன்?

‘சஸ்பீரியா’வுக்கு மொழி வேண்டாம். யாகுலாவின் ஆல்பத் தலைப்புகள் இலத்தீனில் உள்ளன. அவை இத்தாலியருக்கே முழுதாகப் புரிவதில்லை, புரியாமல் இருப்பதுதான் நோக்கமும்கூட. மெட்டமோர்ஃபோசியும் பில்யெட்டோ பெர் லின்ஃபெர்னோவும் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் கதை சொல்கிறவர்கள். பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

இரவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் நிஜமாகவே பயமாக இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டுமல்ல. அதற்குக் கருவிகளிலேயே காரணம் இருக்கிறது. பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தினால் அது உடனே தேயத் தொடங்குகிறது. மனிதக் குரலுக்கு மூச்சு வாங்க வேண்டும். குழாய் ஆர்கனோ, விசையில் விரல் இருக்கும்வரை, அதே அளவில் ஒலித்துக்கொண்டே இருக்கும். மூச்சுவிடாத ஒலியை உயிருள்ள ஒன்றின் ஒலியாகக் காது ஏற்பதில்லை. ‘தார்தோ பெதே’யின் பெரும்பகுதியில் டிரம்ஸும் கிடையாது. தாளம் இல்லாததால் அடுத்தது எப்போது வரும் என்று உடல் முன்கூட்டியே கணிக்க வழியில்லை. அந்த ஆல்பத்தில் பயமுறுத்தும் பாதி வேலையை டிரம்ஸ் இல்லாமையே செய்துவிடுகிறது.

மெலட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியின் கதை வேறு. அதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு காந்த நாடா உண்டு. முன்பே பதிவு செய்த வயலினோ கூட்டுக்குரலோ ஏறத்தாழ 8 விநாடிகள் ஒலித்துவிட்டு நின்றுவிடும். நாடா சீராக ஓடுவதில்லை என்பதால் சுருதி லேசாக ஆடும். மனிதர்கள் பாடுவது போலவே இருக்கும், ஆனால் ஒருவரும் அங்கே இல்லை. இவை போதாவென்று, முணுமுணுப்பை ஒலிவாங்கிக்கு மிக அருகில் பதிவு செய்கிறார்கள். ஹெட்ஃபோனில் அது காதுக்குள்ளேயே பேசுகிறது. பயம் அதிகமாக இருந்தால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள், பாதி தணிந்துவிடும்.

நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் சிரித்துவிட்டார். அவருக்கு ரசனை இல்லையா?

அவரைக் குறை சொல்லாதீர்கள். இந்த இசையில் நாடகத்தனம் மிகுதி. ஆவியை அழைக்கும் தொனியில் ஒருவர் பேச, பின்னால் ஆர்கன் பிளிற, இடையில் இடி இடித்தால், சிரிப்பதற்கும் நடுங்குவதற்கும் இடையே நூலிழைதான் இடைவெளி. யாகுலா என்ற பெயரே அப்போது கடைகளில் விற்ற, பெரியவர்களுக்கான ஒரு ரத்தக்காட்டேரிச் சித்திரக்கதையின் பெயர். மலிவான திகிலும் கனமான வழிபாட்டு ஒலியும் ஒரே தட்டில் கிடப்பதுதான் இந்த வகையின் இயல்பு. சிரித்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பவர்களே நீண்டநாள் ரசிகர்களாகிறார்கள் என்பது நான் கவனித்தது.

ஒன்று மட்டும் சொல்வேன். அவருக்கு நீங்கள் அந்தோனியுஸ் ரெக்ஸைப் போட்டிருந்தால் சிரிப்பு நியாயமே. ‘ஈஸ்’ஸைப் போட்டும் சிரித்தார் என்றால், இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள்.

நான் தவறாமல் திருப்பலிக்குப் போகிறவள். இதைக் கேட்பது பாவமில்லையா?

பாவம் எது என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் பாடல்களில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். ரோம் நகரின் மெட்டமோர்ஃபோசி 1973இல் வெளியிட்ட ‘இன்ஃபெர்னோ’, இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தை அடுக்கடுக்காக இறங்கிப் பார்க்கிறது. அங்கே தண்டனை அனுபவிப்பவர்களில் போதைப்பொருள் விற்பவனும், உழைப்பைச் சுரண்டுகிறவனும், இனவெறியனும் இருக்கிறார்கள். லூசிஃபரின் இடத்துக்கு வரும்போது அரசியல்வாதிகள் வருகிறார்கள். இது சாத்தானைப் புகழ்வதல்ல. சொல்லப்போனால் ஒரு கண்டிப்பான மறையுரைக்குரிய சரக்கு.

லெக்கோ நகரின் பில்யெட்டோ பெர் லின்ஃபெர்னோ, பெயரிலேயே நரகத்துக்குப் பயணச்சீட்டு வைத்திருக்கும் குழு. 1974இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பாவசங்கீர்த்தனத்தையே பொருளாகக் கொண்ட ஒரு பாட்டு உண்டு. புல்லாங்குழலும் கனத்த கிட்டாரும் துரத்திக்கொண்டு ஓடும் வேகமான பாட்டு. அதைப் பாடிய, அந்தப் புல்லாங்குழலையும் வாசித்த கிளௌதியோ கனாலி பிற்காலத்தில் துறவறம் பூண்டு மடத்தில் சேர்ந்துவிட்டார். யாகுலா மட்டும் வேறு ரகம். உங்களுக்கு மனத்தடை இருந்தால் அதைத் தவிர்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

யாகுலா உண்மையிலேயே ஆவிகளை அழைத்துப் பதிவு செய்ததா?

அப்படித்தான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். குழுவின் தலைவர் அந்தோனியோ பார்த்தோச்செட்டி கிட்டார் வாசித்தார். டோரிஸ் நார்ட்டன் ‘ஃபியாம்மா தெல்லோ ஸ்பிரித்தோ’ என்ற புனைபெயரில் குரல் கொடுத்தார். சார்ல்ஸ் டைரிங் ஆர்கனில் அமர்ந்தார். கூடவே ஆவிகளோடு பேசும் மீடியம் ஒருவரும் பங்கேற்றதாகச் சொல்லப்பட்டது. காதுக்கு எட்டுவது ஆர்கன், பேச்சு, சிறிதளவு கிட்டார் ஆகியவைதான். ஆவி வந்ததா இல்லையா என்பதைத் தட்டிலிருந்து சொல்ல முடியாது.

நான் இதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறேன். அதே சமயம் வெறும் விளம்பரம் என்று தள்ளவும் மனம் வரவில்லை. விற்பனையை மட்டும் கருதியவர்கள் டிரம்ஸ் இல்லாத, இலத்தீன் தலைப்பு கொண்ட ஆர்கன் ஆல்பத்தை 1972இல் ஏன் வெளியிடப்போகிறார்கள்?

அவர்களுடைய 1969 ஆல்பம் போலி என்கிறார்களே, உண்மையா?

‘இன் காவ்தா செம்பெர் ஸ்தத் வெனேனும்’ என்ற ஆல்பத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அது 1969இல் பதிவாகி, மிகச் சில படிகள் மட்டுமே அச்சாகி, மறைஞானக் குழுக்களுக்குள் கைமாறியது என்பது பார்த்தோச்செட்டி தரப்பின் கூற்று. பொதுவெளிக்கு அது வந்தது 2001இல், ஜெனோவா நகரின் பிளாக் விடோ நிறுவனத்தின் வழியாக. கூற்று உண்மையானால், பிளாக் சாபத்தின் முதல் தட்டுக்கு முன்பே இத்தாலியில் அதைவிடக் கனமான இசை இருந்தது என்றாகிவிடும். ரசிகர்கள் அடித்துக்கொள்வது அதனால்தான்.

என் காது நம்ப மறுக்கிறது. ‘திரியும்ஃபாத்துஸ் சாத்’ பகுதியில் வரும் கிட்டாரின் அடர்த்தியும் அதன் ஒலிப்பதிவுத் தெளிவும் பிற்கால மெட்டல் இசைக்கு உரியவை. மூன்று ஆண்டுகள் கழித்து வந்ததாகக் கருதப்படும் ‘தார்தோ பெதே’ அதைவிடப் பழையதாக ஒலிக்கிறது. பழைய ஆர்கன் பதிவின்மேல் பின்னாளில் கிட்டார் சேர்த்திருக்கலாம் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படுகிறேன். அச்சான ஆண்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டால் அது நல்ல ஆல்பம்தான். வரலாற்றுச் சான்றாக மட்டும் நீட்டாதீர்கள்.

மூசேயோ ரோசன்பாக் பாசிசக் குழுவா? உறையில் முசோலினி இருக்கிறாரே.

இருக்கிறார். லிகூரியப் பகுதியைச் சேர்ந்த அந்தக் குழுவின் ‘ஸரத்துஸ்திரா’ 1973இல் வந்தது. உறையில் உள்ள முகம் பல படத்துண்டுகளை ஒட்டிச் செய்தது. அவற்றுள் முசோலினியின் மார்பளவுச் சிலையும் ஒன்று. கறுப்பு உறை, ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் அதிமனிதன், அதோடு இந்தச் சிலை என்று சேர்ந்ததும், இடதுசாரிச் சார்புள்ள அன்றைய இளைஞர் வட்டம் அவர்களைச் சந்தேகித்தது. அரசு ஒலிபரப்பும் கைவிட்டது. குழுவினர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார்கள். பாடல்களிலும் பாசிசப் பிரசாரம் என்று சுட்டிக்காட்ட எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும், குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்டில் அந்தச் சிலையை உறையில் ஒட்டியது பொறுப்பற்ற செயல்.

மேலும், இது மறைஞான இசையே அல்ல, தத்துவ இசை. இருண்ட உறையையும் கனத்த மெலட்ரானையும் பார்த்து ரசிகர்கள் இந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

மூலத் தட்டுகளின் விலை ஏன் கேட்கவே பயமாக இருக்கிறது?

அன்று விற்காததால். குறைவாக அச்சிட்டார்கள், நிறுவனங்கள் மூடின. பில்யெட்டோவின் இரண்டாம் ஆல்பம் 1974இல் பதிவாகியும், ட்ரைடென்ட் நிறுவனம் மூடப்பட்டதால், 1992இல்தான் வெளியாயிற்று. மறுபதிப்பு வாங்குங்கள், போதும்.

இப்போதும் யாராவது இதைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள், அதிலும் ஜெனோவாவில் அதிகம். மேலே சொன்ன பிளாக் விடோ அங்கே கடையாகவும் நிறுவனமாகவும் இயங்கி, 1990களில் ஒரு புதிய தலைமுறைக்குத் தட்டு போட்டுக் கொடுத்தது. அவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இல் சென்யோ தெல் கொமாந்தோ. இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் 1971இல் ஓடிய ஒரு மர்மத் தொடரின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னர் குஸ்தாவ் மைரிங்க்கின் நாவல்களை ஆல்பங்களாக்கினார்கள். மெட்டமோர்ஃபோசியும் ஓயவில்லை. தாந்தேயை விடாமல், 2004இல் ‘பாரதீசோ’வையும் 2016இல் ‘புர்கத்தோரியோ’வையும் கொண்டுவந்தார்கள். சொர்க்கத்துக்குப் போய்விட்டு உத்தரிக்கிற தலத்துக்குத் திரும்பியவர்கள் அவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

மெட்டல் பக்கம் போனால், 1977இல் பெஸாரோவில் தொடங்கிய டெத் எஸ்எஸ் குழு இருக்கிறது. சுவீடனின் ஓபெத் 2014ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு ஆக்கத்துக்குக் ‘கோப்ளின்’ என்றே பெயரிட்டு மரியாதை செய்தது. யாகுலாவின் டோரிஸ் நார்ட்டனோ 1980களில் ஆர்கன் இசையை விட்டுக் கணினிக்குப் போய், ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ என்றொரு மின்னிசை ஆல்பமே போட்டார்.

இலத்தீன் திருப்பலி கேட்டு வளராத நமக்கு இது வெறும் சினிமாப் பயம்தானே? இத்தாலியர் கேட்பதையா நாம் கேட்கிறோம்?

இல்லை, அதையே கேட்க முடியாது. நான்காம் கேள்வியின் பதிலில் சொன்னபடி, கோவிலிலிருந்து வெளியேறிய ஒலி இந்த இசையில் வந்து குடியேறியது என்றால், அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்தவருக்கே முழு அதிர்ச்சி கிடைக்கும். அவருக்கு ஆர்கன் என்பது முதலில் பாட்டியின் இறுதிச் சடங்கு. திகில் படங்கள் வழியாகவே ஆர்கனை அறிந்தவருக்கு அது முதலில் பேய் பங்களா. அதே சுரத்துக்கு ஒருவர் குற்றவுணர்ச்சியோடும் மற்றவர் கிளுகிளுப்போடும் எதிர்வினை செய்கிறார்கள்.

ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். இந்த இசையை இத்தாலியே மறந்திருந்த 1980களில், அதைத் தேடி வாங்கி உயிரோடு வைத்திருந்தவர்களுள் ஜப்பானியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அங்கே கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இத்தாலியத் தட்டுகளை வரிசையாக மறுபதிப்புச் செய்தது. கத்தோலிக்கப் பின்னணி கொண்டவர்கள் அங்கே மிகச் சிறுபான்மை. அவர்களைப் பிடித்து இழுத்தவை மெட்டும் கருவியும்தான் என்றே தோன்றுகிறது.

வேறுபாட்டைக் காதாலேயே அறிய விரும்பினால், இறந்தோருக்கான திருப்பலியில் பாடப்பட்டுவந்த ‘தியேஸ் இரே’யை எந்தக் கருவியும் இல்லாத கிரகோரியன் பாடலாக இரண்டு முறை கேளுங்கள். உடனே ‘தார்தோ பெதே’யின் தொடக்கப் பகுதிக்குப் போங்கள். முதல் முறை வில்லன் வரும் இசையாகக் கேட்ட அந்த ஆர்கன், இம்முறை முழங்காலிட்ட ஒருவரின் இசையாகக் கேட்க வாய்ப்புண்டு. கேட்காவிட்டால் அதே ஆல்பத்தின் ‘யாகுலா வால்ட்ஸர்’ உங்களுக்குப் பிடிக்கும்.